பாரம் கேட்கும் வண்டி

பிக்கப் வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நான் பின்னச்சிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். முன்சக்கரங்களுக்குக் காரில் இருக்கும் அதே சுருள் ஸ்பிரிங்தான். பின்சக்கரங்களுக்கு லாரிக்குக் கட்டுவதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். மூட்டை ஏறும் என்ற கணக்கில் அடித்த பட்டைகள் அவை. தொட்டி காலியாக இருந்தால் வளைந்து கொடுக்காது. சேந்தமங்கலம் சாலையில் உள்ள ஒவ்வொரு வேகத்தடையும் நேராக இடுப்பில் வந்து இறங்கும். அதே வண்டியில் மிளகு மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் பட்டைகள் இறங்கி வேலை செய்யத் தொடங்கும், ஓட்டம் அமைதியாகிவிடும். என் அம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். "காலி வண்டின்னா நான் வரல கண்ணு. ரெண்டு மூட்டை ஏத்திட்டுக் கூப்புடு" என்பார். பழக்கமான மெக்கானிக் ஒருவர், "அடிப்பட்டையில ஒண்ணக் கழட்டிரலாம்ணே, காலியில மெத்துனு போகும்" என்று பலமுறை சொல்லிவிட்டார். நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பட்டையைக் கழற்றினால் எனக்கு இந்த வண்டி எதற்கு?

எங்கள் வீடு சமவெளியில். மிளகுத் தோட்டம் கொல்லிமலையில், சோளக்காட்டுப் பக்கம். காரவள்ளியில் ஆரம்பிக்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் வண்டி நடுத்தர அளவு என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற ரகம். நான்கு கதவு, ஐந்து இருக்கை, பின்னால் ஏறத்தாழ ஐந்தடித் தொட்டி. நீளம் 5 மீட்டருக்கு மேல். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி மட்டுமே 3 மீட்டரைத் தாண்டும். முழுக்கத் திரும்ப வேண்டுமென்றால் 12 மீட்டருக்கு மேல் அகலமுள்ள வட்டம் வேண்டும். சிறிய கார்கள் ஒரே மூச்சில் திரும்பிப் போகிற வளைவில் நான் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது விதி. ஆனால் மேலேயிருந்து பேருந்து இறங்கும் ஹாரன் கேட்டால் நான் வளைவுக்குக் கீழேயே ஒதுங்கி நின்றுவிடுவேன். பேருந்து ஓட்டுநர் கையை உயர்த்திவிட்டுப் போவார். ஊருக்குள் வண்டியை நிறுத்துவது தனிப் பாடு. நாமக்கல் கடைவீதியில் இதற்கு இடம் தேடுவதற்குள் வாங்க வந்த சாமானை நடந்தே போய் வாங்கி வந்துவிடலாம்.

மலை விவசாயிக்கு இந்த வண்டியில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. விளைச்சல் மேலே இருக்கிறது, மண்டி கீழே இருக்கிறது. ஏறும்போது தொட்டி காலி, இறங்கும்போது பாரம். எஞ்சினின் எடை முழுக்க முன்னால் இருப்பதால் காலித் தொட்டியின் கீழே சுழலும் பின்சக்கரங்களுக்கு அழுத்தம் போதாது. ஐப்பசி மழையில் வளைவின் உள்பக்கம் வண்டல் படிந்திருக்கும்போது பின்பக்கம் லேசாக நழுவுவதை இருக்கையிலேயே உணரலாம். அப்போது ஃபோர்வீலில் போட வேண்டும். அதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வாங்குகிற பலருக்கு இதை விற்பனையாளர் விளக்கிச் சொல்வதே இல்லை.

வளைவில் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. முன்சக்கரங்கள் போடும் வட்டம் பெரிது, பின்சக்கரங்களின் வட்டம் சிறிது. ஒரே அச்சில் இருக்கும் இடது வலது சக்கரங்களின் வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்ளும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே அப்படி ஒன்று என் வண்டி போன்றவற்றில் கிடையாது. ஃபோர்வீலில் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தானே தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும், ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், டயர் கிறீச்சிடும். கொல்லிமலையிலோ ஒரு வளைவு மர நிழலில் நனைந்து கிடக்கும், அடுத்தது வெயிலில் காய்ந்து கிடக்கும். ஆகவே ஃபோர்வீல் குமிழைத் திருப்பிக்கொண்டே ஏற வேண்டும். எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடக்கூடிய அமைப்புள்ள வண்டிகள் உலகில் இருக்கின்றன. மலை மக்களுக்கு விற்கிற பிக்கப்பில் அதைக் கொடுக்கக் கூடாதா என்பது என் நெடுநாள் குறை.

இறங்கும்போது இந்தக் குறையெல்லாம் மறந்துபோகும். டீசல் எஞ்சின், இரண்டாம் கியர், முழு பாரம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும். சுற்றுலா வந்தவர்களின் கார்கள் வளைவோரம் நின்று பிரேக் கருகிய வாடையோடு ஆறிக்கொண்டிருக்கும்போது, மூட்டைகளோடு நான் நிதானமாக அவர்களைக் கடந்து இறங்குவேன். அந்த நிதானத்துக்காகவே இந்த வண்டிக்கு இன்னொரு முறையும் பணம் கொடுப்பேன்.

ஏற்றத்தில் பின்பக்கம் நழுவாமலிருக்க எடை வேண்டும் என்றானபோது, அந்த எடையை ஊர்க்காரர்களிடமே கேட்டு வாங்கினேன். மேலே யாருக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளே விசாரித்துவிடுவேன். சிமெண்ட் மூட்டை, கோழித்தீவனம், அரிசி, பள்ளிக்கூடத்துக்கு நோட்டுக்கட்டு, யாரோ ஒருவர் வீட்டுக்கு கிரைண்டர். இப்படித் தொடங்கியது, இன்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பிக்கப் வைத்திருப்பவனுக்கு அந்த வண்டி முழுக்கச் சொந்தம் இல்லை என்பதைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் எனக்குப் புரியவைத்தார். பேத்தி கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் ஏற்ற வேண்டும் என்று வந்தவர், வண்டி கிடைக்குமா என்று கேட்கவில்லை. "தம்பி, வெள்ளிக்கிழமை நம்ம வண்டி போகுதில்ல?" என்றார். நம்ம வண்டி! மனதுக்குள் ஒரு கணம் சுருக்கென்றது உண்மை. டயர் தேய்வது என் செலவு, டீசல் என் செலவு. ஆனாலும் அண்டா, குண்டான், ஜமுக்காளம் எல்லாம் ஏறி, கயிறு கட்டி, அவர் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் கார் வைத்திருப்பவர்கள் பலர். அவர்களிடம் யாரும் இப்படி உரிமையோடு வருவதில்லை.

ஒரே ஒரு கேட்புக்கு மட்டும் நான் மறுத்துவிடுவேன். தொட்டியில் ஆள் ஏற்றுவதற்கு. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் செம்மேட்டுக்குப் போகக் குழந்தைகளும் பெண்களும் சாலையோரம் நிற்பார்கள். காலித் தொட்டியோடு அவர்களைக் கடந்து போவது மனதுக்குக் கஷ்டம்தான். உள்ளே இடமிருந்தால் ஏற்றிக்கொள்வேன், இல்லையென்றால் கைகூப்பிவிட்டுப் போவேன். சரக்கு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போன கூலித் தொழிலாளர்கள் கவிழ்ந்து இறந்த செய்தி நம் நாளிதழ்களில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. தொட்டியில் பிடிக்க ஒன்றும் இல்லை, கட்ட பெல்ட் இல்லை. கொண்டை ஊசி வளைவில் பட்டைகள் ஒரு தடவை தூக்கிப்போட்டால் போதும். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் கோபத்தை நான் தாங்கிக்கொள்கிறேன்.

அரசாங்கக் காகிதத்தில் இந்த வண்டி என்ன என்பதுதான் எனக்குள்ள பெரிய எரிச்சல். பொலிரோ பிக்கப்பும் குட்டியானையும் மஞ்சள் போர்டு. அவற்றின் வழி தெளிவு. எஃப்சி உண்டு, வேகக்கட்டுப்பாட்டுக் கருவி உண்டு, லோடு அடிக்கலாம். என்னுடையதைக் காரைப் போல வெள்ளை போர்டில் பதிவு செய்து கொடுத்தார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ, சரக்குக்கென்றே கட்டிய வண்டியை மட்டும் சரக்கு வாகனம் என்று சொல்லி நிறுத்தவில்லை. அப்படிக் கட்டப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்பட்டால் சரக்கு வாகனமே என்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்ற விலக்கும் அதே சட்டத்தில் உண்டு. என் தோட்டத்து மிளகை என் வண்டியில் என் பெயரில் உள்ள மண்டிச் சீட்டோடு கொண்டுபோனால் நான் யார்? சோதனைச் சாவடியில் ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறார். டோல்கேட்டில், "இது எல்சிவி சார், கார் டேக் எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டு ஆர்சியைக் காட்டச் சொல்வார்கள். பின்னால் வரிசை நீளும், ஹாரன் அலறும். விவசாயி தன் விளைச்சலைத் தானே ஏற்றிப் போவதற்கென்று ஒரு தெளிவான பிரிவை எழுதி வைப்பதில் அரசுக்கு என்ன சிரமம்? டிராக்டருக்குக் கிடைக்கும் புரிதலில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. 1968-ல் ஜப்பானில் முதல் ஹைலக்ஸ் பிக்கப் வந்தபோது அது ஒற்றைக் கேபினும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட உழைப்பு வண்டி. நான்கு சக்கர இயக்கம் அதற்குக் கிடைத்ததே 1979-ல்தான். 2002-ல் தாய்லாந்தில் பிறந்த இசுசு டி-மேக்ஸும் நெல்லும் மீனும் சுமக்கிற நாட்டுப்புறத்தை நம்பி வளர்ந்ததுதான். கார்களைவிடப் பிக்கப்புக்குக் குறைந்த கலால் வரி என்பது அந்த நாட்டின் கொள்கை. நம் நாட்டில் 1988-ல் வந்த டாடாமொபைல் ஒரு நல்ல தொடக்கம். பிறகு 2016-ல் ஸ்ரீசிட்டியில் தயாரான இசுசுவின் வி-கிராஸும், 2022-ல் வந்த ஹைலக்ஸும் சாகசப் பயணம் போகிறவர்களின் வாகனமாகவே விளம்பரமாயின. இப்போது இந்த ரகத்தின் விலை கூடிய மாடல்களை எடுத்தால் தோல் இருக்கை, பெரிய தொடுதிரை, பளபளக்கும் குரோம், பக்கவாட்டு உயரம் குறைந்த 18 அங்குல டயர்கள். கூர்கல் கிடக்கும் தோட்டப் பாதையில் அந்த டயர் வெட்டுப்படும். ஒன்றை மாற்ற ஆகும் தொகையில் ஒரு வாரக் கூலி கொடுத்துவிடலாம். சேற்றுக்காலோடு ஏறி இறங்கும் தரையில் கம்பளம் எதற்கு? ரப்பர் விரித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக்கூடிய தரையும் 16 அங்குலச் சக்கரமும் கொடுத்து விலையில் சில லட்சங்களைக் குறைத்தால் கொல்லிமலையிலிருந்து வால்பாறை வரை வாங்க ஆள் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொட்டியின் நீளத்தையும் சொல்ல வேண்டும். இருபதடி சொட்டுநீர்ப் பைப் வாங்கினால் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கடையிலேயே துண்டு போட்டு, தோட்டத்தில் இணைப்பு வைத்து ஒட்டுகிறோம். ஐந்து பேர் உட்காரும் இடத்துக்குக் கொடுத்த விலை இது. குடும்பத்துக்குத் தனிக் கார் வைக்க வசதியில்லாதவனுக்கு இந்த விலை நியாயம்தான்.

புகை வடிகட்டி விஷயம் அப்படியில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்தது. காற்றுக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதில் சேரும் கரியை எரிக்க எஞ்சின் நன்றாகச் சூடேறி, விடாமல் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மலைமேல் தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையே இரண்டாம் கியரில் குறுந்தூரம் ஓடுகிற வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே? எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்காகவே கீழே இறங்கி நாலுவழிச் சாலையில் வண்டியை ஓட்டிவிட்டு வர வேண்டும். நாமக்கல் லாரிக்கு உடம்பு கட்டுவதில் நாடறிந்த ஊர். பட்டை உடைந்தால் தெருவுக்குத் தெரு செய்து கொடுப்பார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சிறிய சென்சாருக்காக வேறு ஊரிலிருந்து பார்சல் வரும் வரை காத்திருக்கும்போதுதான் எனக்குப் பொறுமை போகிறது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் மகன் இப்போது இதே போன்ற வண்டி வாங்க நினைக்கிறார். "அண்ணே, வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றார். அந்த விலையில் ஒரு பொலிரோ பிக்கப்பும் குடும்பத்துக்கு ஒரு பழைய காரும் வாங்கி இன்னும் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டையும் நிறுத்த அவரிடம் இடமில்லை, ஓட்ட இன்னொரு ஆளும் இல்லை. அதனால் ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. அவருடைய அன்னாசி இறங்கும் காலத்தில் சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மழை நாளில் ஒருமுறை காலியாக ஏறட்டும், மறுநாள் பழத்தோடு இறங்கட்டும், டோல்கேட்டையும் தாண்டி மண்டி வரைக்கும் போய் வரட்டும். டீசல் அவர் செலவு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.