நிலுவைப் பக்கம்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதுவது என் தொழில். பின்னிரவு இரண்டு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவேன். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் மல்லிகை மூட்டைகளை எடைபோட்டு, எந்த விவசாயிக்கு எவ்வளவு தரவேண்டும், எந்த வியாபாரியிடம் எவ்வளவு வரவேண்டும் என்று ஒரு ரூபாயும் பிசகாமல் எழுதுவேன். அன்று வசூலாகாத தொகை, மறுநாள் பக்கத்தின் தலையில் நிலுவையாக ஏறும். என் பேரேட்டைக் குறை கூறியவர் எவருமிலர். அந்தப் பெருமை சென்ற ஐப்பசியில் ஒரு மாலைப்பொழுதில் உடைந்தது.

ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகளின் ஆசிரியை என்னை அழைத்திருந்தார். அறிவியல் செயல்திட்டம் மூன்று வாரமாக வரவில்லை. கணக்கு வீட்டுப்பாடமும் பல நாள் எழுதப்படவில்லை. "நாட்குறிப்பில் நீங்கள் நாள்தோறும் கையொப்பமிட்டிருக்கிறீர்களே!" என்று அதை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். என் பெயர்தான், என் கையெழுத்தன்று.

சினத்தோடு வீடு திரும்பி மகளைக் கேட்டேன். அவள் தலைகுனிந்தவாறே சொன்னாள்: "ஏழு மணிக்கே நீங்கள் தூங்கிவிடுகிறீர்கள், அப்பா. அம்மாவுக்கு மாலையில் வேலை. புரியாத கணக்கை யாரிடம் கேட்பது? உங்களை எழுப்ப மனம் வரவில்லை."

அவள் செய்தது பொய் என்பதை அவளுக்கு உணர்த்தினேன். ஆனால் என் தவறு அதனினும் பெரிதன்றோ! 2020-இல் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில், ஆசிரியை ஒவ்வொரு மாலையும் வீட்டுப்பாடத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். பூவின் விலைச் செய்திகளுக்கிடையே அவற்றை நான் திறந்தும் பார்த்ததில்லை.

வீட்டுப்பாடம் மலைபோல் குவிகிறது என்று குறைகூறும் பெற்றோர் பலர். மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் உடனிருக்க என்னால் இயலாதா?

கடையிலிருந்து ஒரு புதிய நோட்டை வாங்கி வந்தேன். பாடம், செய்யவேண்டியது, ஒப்படைக்கும் நாள், முடிந்ததா என நான்கு பத்திகள் இட்டேன். எழுதுவது மகளின் பொறுப்பு; மாலை ஆறரை மணிக்கு அதைப் பார்த்துக் கையொப்பமிடுவது என் பொறுப்பு. முடியாதது மறுநாள் பக்கத்தில் நிலுவையாக ஏறும். 'புரியவில்லை' என்று எழுதவும் இடம் உண்டு. அதற்காகக் கோபிக்கலாகாது என்பது எனக்கு நானே இட்ட விதி. எனக்கும் விளங்காத கணக்கை ஆசிரியையிடம் கேட்டுவிடுவோம்.

தை மாதத்து முகூர்த்த நாளொன்றின் முந்தைய தினம், சந்தையில் வேலை மிகுந்து இரவு வெகுநேரங்கழித்தே வீடு வந்தேன். மகள் உறங்கியிருந்தாள். நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. பாடங்கள் யாவும் முடிந்திருந்தன. கடைசி வரியில் அவள் எழுதியிருந்தாள்: "அப்பா கையொப்பம் – நிலுவை."

அந்த நிலுவையைத் தீர்த்துவிட்டே படுக்கச் சென்றேன்.