கிழக்குச் சுவர்

பொம்மை வீடு என்றதும் சிறுமியர் விளையாடும் பொருள் ஒன்றே நம் மனத்தில் தோன்றும். அதன் வரலாறோ வேறு. 1557-58ஆம் ஆண்டுகளில் பவேரிய நாட்டுக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் செய்வித்த சிறுவீடே இவ்வகையில் அறியப்பட்டவற்றுள் மூத்தது என்பர். அது குழந்தைக்காகச் செய்யப்பட்டதன்று. வந்தவர் கண்டு வியக்கச் செய்யப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மான் என்னும் பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686 முதல் 1710 வரை அதனை அவர் சிறிது சிறிதாக நிறைத்தார். ஆன செலவில் அந்நகரின் கால்வாய்க் கரையில் மெய்யான வீடு ஒன்றையே ஏறத்தாழ வாங்கியிருக்கலாமாம்!

இவற்றினும் எனக்கு வியப்பளிப்பது வின்ட்சர் அரண்மனையில் உள்ள ராணி மேரியின் பொம்மை வீடு. 1921 முதல் 1924 வரை உருவான அவ்வீட்டில் குழாய்த் தண்ணீர், மின்விளக்கு, ஏறி இறங்கும் மின்தூக்கி எல்லாம் அமைத்தார்கள். வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் அவர் வரைபடத்தின்படி தில்லியில் எழும்பிக்கொண்டிருந்த வைசிராய் மாளிகையே இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. அங்கே 340 அறைகள். இங்கே ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கு. இன்று பெட்டியில் பாகம் பாகமாக வரும் பொம்மை வீடுகளுக்கும் அதுவே பெரும்பாலும் அளவு.

அத்தகைய பெட்டி ஒன்றோடு நான் ஆறு மாதங்கள் பழகினேன். என் மகள் கனடாவில், டொரான்டோ நகரில் வாழ்கிறாள். 2018ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மருமகன் தம் மகளுக்காக அதனை வாங்கினார். பலகைகளுக்குக் குறியிட்டு, அடித்தளத்தையும் கீழ்த்தளத்தையும் ஒட்டி முடித்திருந்தார். 2019 மார்ச்சில், முப்பத்தெட்டாம் வயதில், மாரடைப்பால் இறைவனில் இளைப்பாறினார். பெட்டி நிலவறைக்குப் போயிற்று. 2022 நவம்பரில் நான் போய்ச் சேர்ந்தபோது பேத்திக்கு ஒன்பது வயது. "ஆச்சி, இதை நாம் கட்டலாமா?" என்று கேட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வீடு இராது. மெல்லிய ஒட்டுப்பலகைத் தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். சுவரும் சன்னலும் படியும் அத்தாள்களில் அச்சுக்கொண்டு வெட்டப்பட்டு, நூலிழை அளவு மரத்தால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் முன் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பெயர் எழுதிவிட வேண்டும். பிரித்தபின் எது கதவின் சட்டம், எது சன்னலின் சட்டம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. பிறகு உப்புத்தாள் கொண்டு விளிம்புகளைத் தேய்த்தல். பசையின்றி ஒட்டுநாடாவால் கட்டிப் பொருந்துகிறதா என்று பார்த்தல். அதன் பின்னரே பசை. என் தந்தையார் பாளையங்கோட்டையில் தச்சு வேலை செய்தவர். ஆதலால் உப்புத்தாளும் மூலைமட்டமும் எனக்குப் புதியவை அல்ல.

முதல் இடர் பலகைகளே. கோடையின் ஈரத்தையும் குளிர்காலத்தில் கணப்பின் வறட்சியையும் மூன்றாண்டு மாறி மாறிக் கண்டவை, அப்பளம்போல் வளைந்திருந்தன. வளைந்த பலகையின் குழிந்த பக்கத்தில் லேசாக ஈரம் தடவி, சமதளத்தில் வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். பாரத்துக்கு மருமகனின் பொறியியல் நூல்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள் பேத்தி. கனமான நூல்கள். ஒரு கிழமையில் பலகைகள் பெரும்பாலும் நிமிர்ந்தன.

அப்போதுதான் எழுத்துகளை நிதானமாகப் படித்தோம். குறிப்பேட்டில் உள்ள எண்களை மட்டும் எழுதினால் போதும். அவர் எண்ணோடு தமிழிலும் எழுதியிருந்தார். 'மாடிப்படி', 'அடுப்படிக் கதவு', 'கிழக்குச் சுவர்'. குறிப்பேடு இடது, வலது என்றுதான் சொல்கிறது. நம் பக்கத்துக் கிராமத்தாரோ எதனையும் திசையால் சொல்லுகிறவர்கள். வலப்பக்கத்தை அவர் கிழக்கு என்று எழுதியிருந்ததால், வாசல் தெற்கு நோக்கியது என்று தமக்குள் கொண்டிருக்கிறார் எனத் தெரிந்தது. தூத்துக்குடியை அடுத்த ஊரில் அவருடைய பெற்றோர் வாழ்ந்த வீடும் தெற்குப் பார்த்ததே.

ஒட்டுப்பலகையை வெறுமனே விடலாகாது. இருபுறமும் பூச்சு வேண்டும். இல்லையேல் மீண்டும் வளையும். மாடி அறைகளின் உட்புறத்துக்குச் சுவர்த்தாளும் ஒட்ட வேண்டும். இவையெல்லாம் கூரை ஏறுமுன் முடிய வேண்டும். பின்னர் மூலைகளுக்குக் கை எட்டாது. எழுத்துகளோ உட்புறத்தில்தான் இருந்தன. பேத்தி தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவற்றை மறைக்கக் கூடாது, ஆச்சி."

"மறையும் இடம் என்று தெரிந்துதானம்மா அப்பா அங்கே எழுதினார்கள்" என்றேன். என் தந்தையாரும் உத்திரத்திலும் கைமரத்திலும் அடையாளம் போடுவார். கூரை வேய்ந்தபின் ஒருவரும் அதனைக் காணார். வேலை முடிந்ததும் குறி மறைவதே முறை என்பது என் எண்ணம். இன்றும் அவ்வெண்ணத்தை நான் விட்டுவிடவில்லை.

"அப்பா மறைக்கச் சொல்லவில்லையே" என்றாள் குழந்தை.

மகளிடம் கேட்டேன். "எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துவிடம்மா. முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்றாள். மூன்றாண்டுகளாக அவள் நிலவறையின் அந்த மூலைப்பக்கமே போகவில்லை என்பதைப் பேத்தி பின்னர் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் நாங்கள் சன்னல் சட்டங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்த்த சட்டங்களையே மறுபடியும் தேய்த்தோம் என்பதே உண்மை.

சனவரியில் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். நிலவறையில் விளக்கு எரிந்தது. பாதிப் படியில் நின்று பார்த்தேன். மகள் பலகைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓசையின்றித் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். நிறமற்ற வார்னிஷ் ஒரு சிறு டப்பா, இளமஞ்சள் சுவர்த்தாள், மெல்லிய அட்டை. எழுத்தின் மேல் வார்னிஷ் பூசினால் பலகைக்கும் காப்பு, பென்சிலும் அழியாது. சுவர்த்தாளைப் பலகையில் ஒட்டாமல், அறையின் அளவுக்கு வெட்டிய அட்டையில் ஒட்டி, அந்த அட்டையைச் சுவரோடு சாத்தி நிறுத்தினால் வேண்டும்போது கழற்றி எடுக்கலாம். இக்கலையில் தேர்ந்தவர்கள் பலர் கையாளும் முறைதான் அது. எங்கே கற்றாள் என்று நான் கேட்கவில்லை. கிழக்குச் சுவருக்கு வார்னிஷ் பூசியது அவள்தான். வேறு எவரையும் தொட விடவில்லை.

அதன்பின் வேலை விரைந்தது. அவ்வகை வீடுகளுக்கு முகப்பு முழுமையாக இருக்கும், பின்புறம் திறந்தே கிடக்கும். தெருவுக்கு ஒரு முகமும், வீட்டாருக்கு ஒரு முகமும். ஆங்கிலேயர் முறையில் முகப்பே கதவுபோல் திறக்கும். சுவரில் செப்பு நாடா ஒட்டி, மின்மாற்றி வழியாகப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் கொடுத்தோம். கடலைப் பருப்பளவு விளக்கு ஒன்று மாடிக் கிழக்கறையில் எரிந்தபோது மகள் படியில் அமர்ந்து வெகுநேரம் பார்த்தாள். "அவர் மேசை விளக்கு இதைவிட மங்கல்" என்றாள். மருமகனைப் பற்றி அவள் தானாகப் பேசி நான் கேட்டது அவ்வாண்டில் அதுவே முதல்முறை.

கூரைக்குச் சிறு மரச்சில்லுகள், நூற்றுக்கணக்கில். முதலில் சாயம் தோய்த்து உலர்த்த வேண்டும். நீர் கலந்த பசை ஆகாது, சில்லு சுருண்டுகொள்ளும். நம்மூர் ஓடு வேய்வதுபோலவே இறவாணத்தில் தொடங்கி, ஒரு வரிசையின் தலையை மறுவரிசையின் கால் மூடும்படி மோட்டை நோக்கி ஏற வேண்டும். வரிசை கோணாதிருக்கப் பேத்தி நூல் பிடித்தாள். மகள் பசை வைத்தாள். நான் சில்லு எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் மூவரும் சேர்ந்து இரண்டு வரிசையே முடித்தோம்.

2023 மே மாதம் நான் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அப்போது ஒரு பக்கக் கூரையில் நான்கு வரிசை மிச்சம். மறுபக்கம் தொடங்கவே இல்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் வரிசைக்கணக்கு வந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் மோடு வரை முடிந்தது. வாசற்கதவின் கீல் மட்டும் நிலையில் உட்காரவில்லை என்றாள் மகள். அங்கே கிடைக்கும் கத்திகளால் அவ்வளவு சிறிய பள்ளம் செதுக்க இயலவில்லையாம். என் தந்தையாரின் கால் அங்குல உளியைச் சாணைபிடித்து, துணியில் சுற்றி, அந்நகருக்குப் புறப்பட்ட உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கைப்பையில் வைக்க வேண்டாம், பெரிய பெட்டியில் வையுங்கள் என்று இருமுறை சொன்னேன்.