பஸ் காசும் அஸீஸ் அவர்களும்



நவம்பர் 24. கல்விமான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1973இல் வபாத்தான நாள். நாங்கள் அவரைக் கண்டதில்லை. ஆனாலும் பதுளையில் படிப்பிக்கும் எங்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் மாதிரி.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். 1945இல், காசில்லாத பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். 1948இல் அந்தப் பெரிய பதவியையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராக வந்தார். 1961 வரை அங்கேயே இருந்தார்.

போன மாதம் எங்கள் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை. பசறைப் பக்கத் தோட்டம். தேடிப் போனோம். கொழுந்தெடுத்துவிட்டு வந்த தாய், லயத்து வாசலில் நின்று, "பஸ் காசுதான் சேர், வேற ஒன்னுமில்ல" என்றார்.

ஆசிரியர்கள் சேர்ந்து காசு போட்டோம். பிள்ளை இப்போது வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊரில் ஒருவர் கேட்டார்: "அது நம்மட பிள்ளை இல்லையே?"

அவருக்கு ஒன்றே ஒன்று சொன்னோம். அஸீஸ் அவர்கள் படித்தது வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். அங்கே யாரும் அப்படிக் கேட்டிருந்தால் நமக்கு அஸீஸ் கிடைத்திருப்பாரா?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாசம் எவ்வளவு போடணும்?" என்றார்.

இன்னும் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் எங்களோடு பேசுங்கள்.

யா அல்லாஹ், அன்னாருக்கு ஜன்னதுல் பிர்தௌஸை வழங்குவாயாக. ஆமீன்.