ஒன்றுக்கு மூன்று

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி தண்ணீரை வைத்துத்தான் நேரம் சொல்கின்றன. போடிநாயக்கனூரில் சித்திரை மாதக் குழாயில் அந்தத் தண்ணீர் வராது. மண்பானையில் ஊற்றி வைத்தால் 28-க்கு இறங்கும், அவ்வளவுதான்.

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவ, 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். 28-இல் சுமார் 4 நிமிஷம். அவ்வளவு குறைந்தால் டெவலப்பர் சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாக விழலாம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 13 நிமிஷம் சுமார் 7 ஆகும். ஒன்றுக்கு மூன்று சேர்த்தால் 20 நிமிஷம் பத்தரை ஆகும். ஐஸ் தேடி அலைய வேண்டாம். ஃபிக்ஸரும் அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருந்தால் போதும்.

இந்த ரோலில் இருப்பது என் பெரியம்மா. முப்பது வருஷமாக விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். முட்டி வலியால் இந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டார். இனி எடுக்க முடியாத 36 படங்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ ஃபிலிம் செய்த காலமும் போய்விட்டது. இப்போது நான் வாங்கும் ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கும். குனிந்த முகம் நிழலில். மரங்களுக்கு இடையே விழும் வெயில் தோளில். “என்னடா, என்னைக் கரிக்கட்டையா எடுத்து வச்சிருக்க?” என்று அவர் கேட்டுவிடக் கூடாது. நிழலில் இருக்கும் முகத்தை டெவலப்பர் உண்டாக்காது, அது எக்ஸ்போஷரின் வேலை. அதனால் 400 ஃபிலிமை 200 என்று வைத்து எடுத்தேன். டெவலப்பரின் வேலை வெயிலைக் கட்டுவது. நீர்த்த கரைசல் வெயில் பட்ட இடத்தில் சீக்கிரம் களைத்துவிடும். நிழலில் நிதானமாக வேலை பார்க்கும். அடிக்கடி ஆட்டினால் அந்தப் பலன் குறையும்.

ஒன்றுக்கு மூன்று என்றால் 300 மில்லியில் மூலக்கரைசல் 75 மில்லிதான். தெம்பு போதாது. எனவே 600 மில்லி டேங்கில் ஒரே ஃபிலிமைப் போட்டேன். கூடுதல் எக்ஸ்போஷருக்காக நேரத்தைக் குறைத்து, ஒன்பது நிமிஷம்.

சல்ஃபைட் நீர்த்துவிட்டதால் மணிகள் சற்றுத் துருத்தித் தெரிகின்றன. தெரியட்டும். சேலைக்கு மேல் போட்ட சட்டையின் கட்டங்கள் வெயிலில் கரையவில்லை. முகத்தின் சுருக்கங்களும் இருக்கின்றன.

மூடுபனி நாளில் எடுத்த ரோலுக்கு இது ஆகாது. அன்று வெளிச்சமே தட்டையாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று போதும்.