காஞ்சியின் வாசற் செடிகள்

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவில் எழுவன உயர்ந்த கோபுரங்களும் பட்டுச் சேலைகளுமே. இம்முறை நாம் அந்நகரின் தெருக்களில் நடந்து கண்டவை அவற்றினும் எளியவை: வாசலோரம் வளரும் செடிகள்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீட்டினுள்ளே தறி. வெளியே தெருவோ பாவு விரிப்பதற்கு வேண்டும். எஞ்சுவது முழ அகல நிலமே. கோடையில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. போதாக்குறைக்குத் தெருவில் திரியும் ஆடுமாடுகள்! சென்னையில் கிண்டிக் காட்டை ஒட்டி வாழ்வோருக்குப் புள்ளிமான்களால் இதே தொல்லை உண்டு. மானாயினும் ஆடாயினும் இளந்தளிர் மீதுள்ள ஆசை ஒன்றே.

இத்தகைய இடத்திற்கென்றே இறைவன் சில செடிகளைப் படைத்திருக்கிறார். ஆடு தொடாததால் பெயர் பெற்றது ஆடாதோடை. அதன் கசப்பிலையே இருமலுக்கு மருந்து. நொச்சியின் கடுமணம் கால்நடைகளை விலக்கும். வேது பிடிக்க நமக்கு உதவும். அரளி வறட்சியிலும் பூத்துக் குலுங்கும். ஆனால் அதன் ஒவ்வொரு பகுதியும் நஞ்சு. சிறுவர் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

இவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடி, செங்கல் இடுக்கிலும் வேரூன்றி ஆண்டு முழுவதும் மலர்கிறது. இடுகாடுகளில் மண்டி வளர்வதால் இதனைச் சுடுகாட்டு மல்லிகை என்று ஒதுக்குவோரும் உண்டு. கனடாவில் பணியாற்றிய நோபிள், பீர் என்னும் அறிஞர்கள் நீரிழிவுக்கு மருந்து தேடி இதன் இலையை ஆராய்ந்தனர். கிடைத்ததோ, 1958இல் அவர்கள் வெளியிட்ட புற்றுநோய் மருந்து. பின்னர் இதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் இரத்தப் புற்றுநோயுற்ற எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்துள்ளது. கல்லறைப் பூவென்று இகழப்பட்டது உயிர் காக்கும் பூவாயிற்று! எனினும் இதுவும் நச்சுச் செடியே. எவரும் தாமாக இதை உட்கொள்ளலாகாது.

பங்குத் திருவிழாக்களில் மரக்கன்று நட்டுப் படமெடுத்துக் கொள்கிறோம். அடுத்த கோடையில் அக்கன்று எங்கே? நடுவதற்கேற்ற காலம் கோடையன்று. ஐப்பசி மழைத் தொடக்கம். மழைக்காலத்தில் ஆழ இறங்கிய வேரே சித்திரை வெயிலைத் தாங்கும். முதல் ஆண்டில் சுற்றிலும் முள் அடைப்பு வேண்டும். அடியில் சருகு மூடாக்கு இட்டு, துளையிட்ட மண்பானையொன்றை அருகே புதைத்து நீர் நிரப்பினால், சிறிதளவு நீரே வேரை நனைத்துக் கொண்டிருக்கும். பாத்திரம் கழுவும் முதல் நீரைக்கூட வீணாக்காத இல்லத்தரசியருக்கு இதனை நாம் கற்பிக்கவேண்டியதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ என்னும் திருமடல், இப்பூமியை நமது பொதுவான இல்லம் என்று அழைக்கிறது. இல்லத்தைப் பேணும் கடமை வாசலிலேயே தொடங்குகிறது. அன்புக் குடும்பங்களே, வரும் ஐப்பசியில் குடும்பத்திற்கு ஒரு செடி நடுவோம். நட்டதைப் பங்குனி, சித்திரை கடந்தும் காப்போம். காக்கும் பொறுப்பு வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு உரியதாகட்டும். படைப்பை நேசிக்கும் பாடத்தை அப்பிள்ளை செடியிடமிருந்தே கற்றுக்கொள்ளும்.