கூட்டமும் குழுவும்

திருவிழாத் தேரைச் சுற்றி ஆயிரம் பேர் நிற்கலாம், அது கூட்டம். வடத்தைப் பற்றி இழுப்பவர்களே குழு. பங்கில் சபைகளும் சங்கங்களும் அன்பியங்களும் பெருகியிருக்கும் இந்நாளில், நம்முடையவற்றுள் எது கூட்டம், எது குழு என ஆராய்ந்து பார்ப்பது நலம்.

பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப்பு கார்டைன் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். 1912-ல் பிரசல்ஸ் நகரையடுத்த லாக்கன் பங்கில் உதவிக் குருவாகப் பொறுப்பேற்ற அவர், உழைக்கும் இளைஞர்களையும் இளம்பெண்களையும் சிறு குழுக்களாக ஒன்றுசேர்த்தார். தொழிற்கூடத்தில் கண்டதை அவர்களே எடுத்துரைத்தனர். நற்செய்தியின் ஒளியில் அதனைச் சீர்தூக்கினர். செய்யவேண்டியதையும் அவர்களே முடிவு செய்தனர். இவ்வாறு 1925-ல் உருப்பெற்றதே இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். பார், சிந்தி, செயல்படு என்னும் அம்மூன்று படிகளையும் பாப்பரசர் 23-ம் அருளப்பர், 1961-ல் வெளியிட்ட தம் சமூகச் சுற்றுமடலில் அனைவருக்கும் பரிந்துரைத்தார்.

இம்மூன்று படிகளையும் நம் பங்கின் மகளிர் சேமிப்புக் குழு ஒன்றில் நேரிற்கண்டோம். உறுப்பினர் ஒருவர் நான்கு வாரம் தவணை செலுத்தவில்லை. மூன்று வாரம் தவறினால் நீக்குவது அவர்களது விதி. "சாமி, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று நம்மிடம் வந்தனர். நாம் தீர்ப்புக் கூறியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வழக்கு முடிந்திருக்கும்; குழுவும் அன்றே முடிந்திருக்கும். ஆகவே அவர்களது கூட்டத்திற்குச் சென்று, பின்வரிசையில் பேசாதிருந்தோம்.

வாதம் முற்றியது. அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி ஒருவர், "அவள் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்று வினவினார். அவையில் அமைதி நிலவியது. இருவர் உடனே எழுந்து சென்றனர். கணவர் படுத்த படுக்கையாயிருப்பதையும், அவரைக் கவனிப்பதால் அப்பெண் பீடி சுற்ற இயலாதிருப்பதையும் கண்டுவந்து கூறினர். கணவர் எழுந்து நடமாடும்வரை தவணையை நிறுத்திவைப்பதென்றும், பிற்பகல் தோறும் ஒருவர் மாற்றி ஒருவர் நோயாளிக்குத் துணையிருப்பதென்றும் குழு முடிவு செய்தது. துணையிருக்கும் எண்ணம் நமக்குத் தோன்றியிராது. அவ்வீட்டின் நிலை அறிந்தவர்களுக்கே அது தோன்றும்.

தொடக்கத் திருச்சபையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் சிலர் புறக்கணிக்கப்படுவதாக முறையீடு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் ஆள்களைத் தாமே பொறுக்கி எடுக்கவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்துகொள்ளுமாறு சபையாரிடமே ஒப்படைத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்மீது கைகளை விரித்துச் செபிப்பதைத் தம் பங்காகக் கொண்டனர்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, அடுத்த முறை உங்கள் அன்பியம் கூடும்போது, வந்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதியபின் இன்னொன்றும் செய்யுங்கள். வராதவர் யாரென்று பாருங்கள். ஏன் வரவில்லையென்று சிந்தியுங்கள். கலைந்து செல்லுமுன் இருவரை அவ்வீட்டிற்கு அனுப்புங்கள். பங்குத்தந்தையிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.