குறிப்பேடு கற்பித்த பாடம்

மறதி முதுமைக்கு மட்டும் உரியதன்று. கடமைகள் பெருகிய புலம்பெயர் வாழ்வில் அஃது எவரையும் பற்றிக்கொள்ளும். எனது சட்டைப்பையிலும் குளிர்பதனப் பெட்டியின் கதவிலும் நிறைந்திருந்த காகிதத் துண்டுகளே இதற்குச் சான்று.

இக்குறையைப் போக்கக் கைகொடுத்தது, 1985ஆம் ஆண்டில் விண்டோஸின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்ற நோட்பேட் என்னும் எளிய மென்பொருள். கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியையும், அதனையடுத்து எல், ஓ, ஜி என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களையும் இட்டுச் சேமித்தால், பின்னர் அதனைத் திறக்கும்போதெல்லாம் அன்றைய நாளும் நேரமும் இறுதியில் தாமே பதிந்துவிடும்.

செய்ய வேண்டியவற்றை அதில் தமிழில் எழுதி வந்தேன். கட்டணங்கள் உரிய நாளிற் செலுத்தப்பட்டன. நான் ஒழுங்கானவன் என்ற பெருமிதமும் உண்டாயிற்று.

ஒருநாள், வாசிப்புப் பயிற்சிக்காக என் மகள் அக்கோப்பை உரத்து வாசித்தாள். இடையில் நிறுத்தி, "அப்பா, 'அம்மாவுடன் பேச வேண்டும்' என்று ஆறு நாட்களில் எழுதியிருக்கிறீர்கள். அப்பம்மாவுடன் ஆறு தரம் பேசினீர்களா?" என்று வினவினாள்.

ஒருமுறையேனும் பேசியிருக்கவில்லை. காகிதத் துண்டாயின் தொலைந்துவிட்டது என்று கூறித் தப்பியிருப்பேன். நாளும் நேரமும் பதிந்த கோப்பு அதற்கு இடந்தரவில்லை.

அன்றிரவே தொலைபேசியை எடுத்தேன். கனடாவில் இரவு, யாழ்ப்பாணத்திற் காலை. "மறந்திட்டியோ எண்டு நினைச்சன், தம்பி" என்றார் அம்மா.

மாணவச் செல்வங்களே, குறித்து வைத்தல் பாதிப் பணியே. குறித்ததைச் செய்து முடித்தலே மீதிப் பணியாகும்.